உனக்குப் பிடித்ததைப் பிள்ளைகளிடம் கொண்டுபோ!

தங்கச்சி, காஞ்சிபுரம் பக்கத்துக் கூரத்தில் அங்கன்வாடி டீச்சராகச் சேரப் போகிறாய். கோலம், கதை, தோட்டம் என்று உனக்கு இருக்கும் ஆசைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகாதே. டீச்சர் ரசித்துச் செய்யும் வேலையை மூன்று வயதுப் பிள்ளை கண்கொட்டாமல் பார்க்கும்.

1. மாதத்துக்கு ஒன்று போதும்
‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தில் அந்த மாதத்துக்கு என்ன தலைப்பு என்று பார். காய்கறி என்றால் தோட்டம், விலங்கு என்றால் கதை என்று உன் ஆசையை அதோடு சேர்த்துக்கொள்.

2. கோலம் பிடிக்குமா?
ஐந்து புள்ளி போதும். பிள்ளைகளே வைத்து எண்ணட்டும். கோடு கோணினால் திருத்தாதே. கல் மாவு கண்ணில் பட்டால் உறுத்தும். அரிசி மாவே கொடு. மாவைக் கிள்ளிப் பழகிய விரல் பென்சிலை எளிதாகப் பிடிக்கும்.

3. கதை சொல்வாயா?
கூரம் கதை கேட்ட ஊர். அங்கே மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு செய்ததை, 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மனின் கூரம் செப்பேடு சொல்கிறது. நீயும் பீமன் சாப்பிட்ட கதையை ஐந்து நிமிடத்துக்குள் சொல். நடுவில் நிறுத்தி, “அப்புறம் என்ன பண்ணான்?” என்று கேள். பிள்ளை என்ன சொன்னாலும் கதையை அந்த வழியிலேயே கொண்டுபோ.

4. செடி வளர்ப்பாயா?
ஈரத்துணியில் பச்சைப்பயறு கட்டி வை. இரண்டு மூன்று நாளில் முளைவிடும். தினமும் பார்த்து, மாற்றத்தைப் பிள்ளைகளே சொல்லட்டும். சின்ன விதையை மூக்கில் போட்டுக்கொள்வார்கள். எண்ணிக் கொடு, எண்ணி வாங்கு, பக்கத்திலேயே இரு.

5. தறி தெரியுமா?
காஞ்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பட்டு நெசவு புதிதில்லை. வண்ணக் காகிதப் பட்டைகளை மேலும் கீழுமாக நுழைக்கக் கற்றுக்கொடு. நூல் வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்வார்கள். நெசவு தெரிந்த அம்மா ஒருவரை ஒருநாள் வரச் சொல்.

6. உதவியாளர் அக்காவையும் சேர்த்துக்கொள்
அவருக்கு நாற்று நடவுப் பாட்டு தெரிந்திருக்கலாம். கேட்டுப் பார், பாடச் சொல்லிப் பிள்ளைகளோடு நீயும் கைதட்டு.

7. முகத்தைப் பார்
1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி, பிள்ளையைக் கவனிப்பதையே அழுத்திச் சொன்னார். உனக்கு உயிரான விஷயம் பிள்ளைக்குச் சலித்தால் உடனே நிறுத்து. அவன் ஓடிப்போய் எறும்பைப் பார்த்தால், அன்றைய பாடம் எறும்புதான். உன் ஆசை அவனுக்கு ஒரு வாசல். உள்ளே எந்தப் பக்கம் போவது என்பது அவன் இஷ்டம்.

நாளைக்கு எதைக் கொண்டுபோகப் போகிறாய்? இன்று ராத்திரியே எடுத்துப் பையில் வைத்துவிடு.