வாந்திபேதிக் கிருமியும் அதன் நச்சும்

நோயாளியின் உடலில் ஒரு கிருமியைக் காண்பது வேறு. அக்கிருமி எவ்வாறு நோயை விளைவிக்கிறது என்று அறிவது வேறு. காலரா எனப்படும் வாந்திபேதியில் இவ்விரண்டுக்கும் இடையே 75 ஆண்டுகள் கழிந்தன.

1884-இல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நடத்திய ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக், காற்புள்ளி போல் வளைந்த ஒரு கிருமியே இந்நோய்க்குக் காரணம் என அறிவித்தார். அது நச்சு ஒன்றைச் சுரக்கிறது என்பதும் அவருடைய கருத்து. பின்வந்தோரில் பலரோ, கிருமி மடிந்து சிதையும்போது வெளிப்படும் அதன் உடற்பொருளே நஞ்சு என நம்பினர். விலங்குகளின் வயிற்றறையில் கிருமியை ஊசியால் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் மாண்டன, பேதி மட்டும் உண்டாகவில்லை. நோய் நிகழும் இடம் குடல் அன்றோ!

இதை உணர்ந்தவர் கல்கத்தாவின் மருத்துவக் கல்லூரிகளில் நோயியல் பயிற்றுவித்த சம்புநாத் டே. உயிருள்ள முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் நிரம்பிப் பருத்திருந்தது. 1953-இல் இம்முறை வெளியாயிற்று. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

எனினும், நீரைப் பெருக்கியது கிருமியா, அதன் சுரப்பா என்ற ஐயம் எஞ்சியது. கிருமி வளர்ந்த திரவத்தை நுண்வடிகட்டியில் வடித்து, ஒரு கிருமியும் இல்லாத தெளிநீரை மட்டும் டே செலுத்தினார். குடல் முன்போலவே பருத்தது. 1959-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இம்முடிவு ஐயத்தைத் தீர்த்தது.

இந்நச்சு ஆறு துணுக்குகளால் ஆயது. ஐந்து துணுக்குகள் குடலணுவைப் பற்றிக்கொள்ள, ஆறாவதன் ஒரு பகுதி உட்புகுந்து, அணுவின் சுரப்பை அடக்கும் ஏற்பாட்டைச் செயலறச் செய்கிறது. உப்பு குடலுக்குள் வழிகிறது. நீரும் அதைத் தொடர்கிறது. கடும் நோயில் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் இழக்கப்படலாம். ஆயினும் குடற்சுவர் சிதைவதில்லை. ஆகவேதான் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தால் குடல் அதை ஏற்றுக்கொள்கிறது.

இத்தகைய பொருள்களை வீரியக் காரணிகள் என்பர். இவற்றை இனங்காண 1988-இல் ஸ்டான்லி ஃபால்கோ விதிகள் வகுத்தார்: குறித்த மரபணுவை நீக்கினால் வீரியம் குன்றவேண்டும், மீண்டும் சேர்த்தால் திரும்பவேண்டும். காலரா நச்சின் மரபணு, கிருமியையே தொற்றும் ஒரு வைரஸ் கொணர்ந்தது என்பது 1996-இல் தெரியவந்தது. இந்த மரபணுவை நீக்கிய கிருமிகளைத் தாமே முன்வந்த சிலருக்குக் கொடுத்தபோது, அவர்களில் சிலருக்கு இலேசான பேதி கண்டது. ஆதலின் வேறு காரணிகளைத் தேடும் பணியும் தொடர்ந்தது.