இடித்தலும் அகற்றுதலும்

கட்டடத்தை இல்லாமற் செய்யும் செயலைக் குறிக்கத் தமிழிற் பல சொற்கள் உள. சுவரை மோதி வீழ்த்துதல் இடித்தல். வெடி முதலியவற்றாற் சிதறச் செய்தல் தகர்த்தல். கூரை, தட்டி முதலியன மீண்டும் பயன்படுமாறு கழற்றுதல் பிரித்தல். இம்மூன்றும் கட்டடத்திற்கு நேர்வதைக் கூறும். ‘அகற்றுதல்’ என்பதோ அது நின்ற இடம் வெறுமையாவதை மட்டுமே கூறும்.

இவ்வேறுபாட்டை மும்பை வழக்கொன்று நன்கு விளக்கும். நடைபாதையிலுள்ள அமைப்புகளை ஆணையர் முன்னறிவிப்பின்றி அகற்றலாம் என்பது 1888ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தின் 314ஆம் பிரிவு. 1961இல் சேலத்தினின்றும் பிழைப்புத் தேடி அந்நகர் சென்ற நிலமற்ற தொழிலாளி ஒருவரின் குடிசை 23-7-1981 அன்று இடிக்கப்பட்டது. குடும்பத்தினர் சேலம் செல்லும் பேருந்தில் ஏற்றப்பெற்றனர். சட்டம் ‘அகற்றுதல்’ என்றது. குடிசைக்கு நேர்ந்தது இடித்தல்.

அவரும் மனுதாரராயிருந்த வழக்கில், 10-7-1985 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடைபாதையிற் குடியிருக்க எவர்க்கும் உரிமையில்லை. ஆயினும் பிழைக்கும் வழி உயிர்வாழும் உரிமையில் அடங்கும். ‘முன்னறிவிப்பின்றி அகற்றலாம்’ என்பது ஆணையருக்கு அளித்த விருப்புரிமையேயன்றிக் கட்டளையன்று. ஆதலின் பொதுவாக முன்னறிவிப்பு வேண்டும் என அம்மன்றம் பொருள் கண்டது. ‘அகற்றலாம்’ என்பது ‘அகற்றுக’ ஆகாது.