நாலு கட்டத்தில் ஒரு சேதி: கொரோனா கோடையில் படக்கதை செய்த வேலை

இந்த மாதப் பாடம் கடன், சேமிப்பு, கணக்குப் பதிவேடு பற்றியது அல்ல, படம் வரைவது பற்றியது. "இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சமாசாரம், நமக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்பீர்கள். கடைசியில் கடன் விஷயத்துக்கும் வந்து சேருவோம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர் வாசித்துக் காட்டவும்.

படக்கதை நமக்குப் புதுசு இல்லை. தினத்தந்தியில் 1960-ல் தொடங்கிய கன்னித்தீவை அறியாதவர் யார்? டீக்கடையில் பேப்பரைப் புரட்டினதும் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு சிந்துபாத் என்ன ஆனான் என்று பார்த்தவர்கள் ஏராளம். முடியாமல் இழுக்கிற காரியத்தை "கன்னித்தீவு மாதிரி" என்று இன்றைக்கும் சொல்கிறோம். சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியை உங்கள் அண்ணன் தம்பிகள் படித்திருப்பார்கள். அதற்கெல்லாம் முன்பே, நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, பாரதியார் தம்முடைய 'இந்தியா' பத்திரிகையில் வெள்ளைக்காரன் ஆட்சியைக் கிண்டல் செய்து கருத்துப்படம் போட்டார். தமிழ்ப் பத்திரிகையில் கருத்துப்படத்துக்கு வழிகாட்டி அவர்தான் என்று சொல்வார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவருக்கும் சேதி போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது.

இனி 2020-க்கு வருவோம். மார்ச் 24 சாயந்திரம் தமிழ்நாட்டில் 144 தடை, மறுநாளிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. நம்ம பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட் வட்டாரம் எப்படி ஆனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷிப்டு பஸ் ஓடாத ரோடு. வாடகை அறைகளில் அடைந்து கிடந்த பீகார், ஒடிசா, ஜார்கண்ட் பிள்ளைகள். குழுக் கூட்டம் நடத்த முடியவில்லை. செய்தித்தாளைத் தொட்டால் நோய் வரும் என்று பயந்து பேப்பரை நிறுத்தியவர்களும் உண்டு. வந்ததெல்லாம் செல்போனில் வந்த சேதிதான். அதில் எது உண்மை, எது புரளி என்று யாருக்குத் தெரிந்தது?

அப்போது படம் வரைகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. நாம் எல்லோரும் பார்த்த அந்தக் கொரோனா படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிற உருண்டையில் சிவப்பாக முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் வேலை செய்த அலிசா எக்கர்ட், டான் ஹிக்கின்ஸ் என்ற இரண்டு ஓவியர்கள் 2020 ஜனவரியில் வரைந்தது அது. அந்தக் கிருமிக்கு நிஜத்தில் நிறமே கிடையாது. நிறம் தெரியும் அளவுக்கு அது பெரியது இல்லை. பார்த்ததும் ஆபத்து என்று மனதில் படவேண்டும் என்பதற்காக ஓவியர்கள் தேர்ந்தெடுத்த நிறம் சிவப்பு. உலகம் முழுக்க அந்த ஒரு படம்தான் நோய்க்கு முகம் கொடுத்தது.

நம்ம பக்கமும் பல வேலை நடந்தது. சென்னை வில்லிவாக்கத்தில் ஓவியர் ஒருவர் உடைந்த ஹெல்மெட்டையும் காகிதத்தையும் வைத்துக் கொரோனா தலை ஒன்று செய்ய, போலீஸ் இன்ஸ்பெக்டர் அதை மாட்டிக்கொண்டு ரோட்டில் வண்டிகளை மறித்தார். டிவியில் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளுக்காக மத்திய சுகாதார அமைச்சகம் 'வாயு' என்கிற வீரன் வருகிற படக்கதைப் புத்தகம் ஒன்றை அந்த மார்ச் மாதமே வெளியிட்டது. சண்டிகர் மருத்துவக் கல்வி நிறுவனத்தில் இருப்பவர்களும் பஞ்சாப் பல்கலைக்கழகத்தாரும் தயாரித்தது. கேரளத்தில் கார்ட்டூன் அகாடமியைச் சேர்ந்த ஓவியர்கள் மாவட்டம் மாவட்டமாகப் போய் மதில் சுவர்களில் கைகழுவுதல், முகக்கவசம் பற்றிக் கார்ட்டூன் வரைந்தார்கள். மலையாளத்தான் சிரிக்காமல் எதையும் கேட்க மாட்டான் என்று தெரிந்துதான் செய்தார்கள் போலிருக்கிறது! அதே வருஷம் டிசம்பரில் 'பிரியாஸ் மாஸ்க்' என்ற படக்கதை வந்தது. புலி மேல் ஏறி வரும் பிரியா, மீனா என்ற சின்னப் பெண்ணுக்கு மருத்துவப் பணியாளர்கள் படும் பாட்டைக் காட்டுகிற கதை. பிரியா 2014-லேயே வந்த பாத்திரம், பாலியல் வன்கொடுமையிலிருந்து மீண்டு எழுந்தவள்.

வெளிநாட்டிலும் படக்கதைக்காரர்கள் திண்டாடினார்கள். அமெரிக்காவில் மே மாத முதல் சனிக்கிழமை கடைகளில் இலவசமாகப் படக்கதை கொடுப்பது 2002 முதல் வழக்கம். 2020-ல் அது முடியாமல் போய், ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை வாரத்துக்குக் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். சான் டியாகோ ஊரில் நடக்கும் பெரிய படக்கதைத் திருவிழாவையும் அந்த ஜூலையில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கும்படி வைத்தார்கள். திருவிழா நடக்காத கோடை நமக்கு மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறோம்.

ஆனால் மேலே சொன்னவை எல்லாம் ஓவியர் வரைந்தது, அரசாங்கம் வெளியிட்டது. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறொன்று. டெல்லியில் 'வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா' என்ற அமைப்பு இருக்கிறது. சரத் சர்மா என்கிற கார்ட்டூனிஸ்ட் நடத்துவது. கிராமத்து மக்களுக்கும் தொண்டு நிறுவனப் பணியாளர்களுக்கும் படக்கதை போடக் கற்றுக் கொடுக்கிறார்கள். பின்லாந்து நாட்டின் லெய்ப் பக்காலேன் என்பவரும் இதில் கூட்டாளியாக இருந்தார். அவர்கள் முறையில் ஓவியருக்கு இடமில்லை. யாருக்குப் பிரச்சினையோ அவர்களே வரைய வேண்டும். கோடு கோணலாக இருந்தால் இருக்கட்டும். ராஜஸ்தானில் பார்மர் பக்கம் பெண் குழந்தைகளின் உரிமைக்காக இப்படி வரைந்து ஊர் ஊராக ஒட்டியிருக்கிறார்கள்.

முறை ரொம்ப சுலபம். இரண்டு ஏ4 தாள், ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டம், மொத்தம் நாலு கட்டம். கருப்பு மையில் வரைவது, ஜெராக்ஸ் எடுப்பது, இரண்டையும் சேர்த்து ஒட்டிச் சுவரில் போடுவது. பக்கத்துக்கு 2 ரூபாய் ஜெராக்ஸ் என்று வைத்தாலும் ஒரு சுவரொட்டிக்கு 4 ரூபாய்தான். முதல் கட்டத்தில் யார், எங்கே என்று காட்ட வேண்டும். இரண்டாவதில் சிக்கல் பெரிதாக வேண்டும். மூன்றாவதில் ஒரு திருப்பம். நாலாவதில் முடிவு. அஞ்சாவது கட்டம் வேண்டும் என்று தோன்றினால் கதையில் ஏதோ அதிகமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்று போட்டுப் பார்ப்போம். 2020 கோடையில் நம்மைப் படுத்திய விஷயம் எது? கடன் தவணைதான். மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி, மார்ச் முதல் மே வரை மூன்று மாதத் தவணையைத் தள்ளி வைக்கலாம் என்று அறிவித்தது. மே 22-ல் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. வங்கிக் கடனுக்கும் நுண்கடன் கம்பெனிக் கடனுக்கும் பொருந்தும். ஆனால் தள்ளி வைத்த மாதங்களுக்கும் வட்டி உண்டு. இந்த ஒரு விஷயம் புரியாமல் எத்தனை பேர் பிறகு மாட்டிக்கொண்டார்கள்!

முதல் கட்டம்: செல்வி வீட்டு வாசல். பின்னால் பூட்டிய கம்பெனி கேட். உள்ளே கவிழ்த்து வைத்த பாத்திரம். பைக்கில் வந்தவர் கேட்கிறார், "அக்கா, இந்த வாரத் தவணை?" இரண்டாவது: பக்கத்து வீட்டு அம்மா ஓடி வருகிறார், "ஏய் செல்வி, ஆறு மாசம் கட்ட வேணாமாம், தள்ளுபடியாம்!" செல்வி வாயெல்லாம் பல். மூன்றாவது: ஊக்குநர் அக்கா நோட்டை விரித்துக் காட்டுகிறார், "தள்ளுபடி இல்லம்மா, தள்ளிவைப்பு. 20,000 பாக்கிக்கு நூத்துக்கு மாசம் 2 ரூபா வட்டின்னா ஆறு மாசத்துல 2,400 ஏறிடும்." நாலாவது: இருவரும் சேர்ந்து வசூல் தம்பியிடம், "ரெண்டு மாசம் மட்டும் தள்ளி வைங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

இதில் கவனிக்க வேண்டியது மூன்றாவது கட்டம். கணக்கை வாயால் சொன்னால் மனதில் நிற்காது. செல்வி தலையில் ஒரு மூட்டை வரையுங்கள். பக்கத்தில் அதே செல்வி, கொஞ்சம் பெரிய மூட்டை. அதற்கும் பக்கத்தில் குனிந்த செல்வி, இன்னும் பெரிய மூட்டை. வட்டி ஏறுவது என்றால் என்னவென்று குழந்தைக்கும் புரியும். பேச்சை எழுதும்போது முதலில் எழுத்தை எழுதிவிட்டுப் பிறகு அதைச் சுற்றிப் பலூன் போடவும். பலூனை முதலில் போட்டால் எழுத்து உள்ளே அடங்காது. பலூனின் வால் பேசுகிறவர் வாயைக் காட்ட வேண்டும். முதலில் பேசுகிறவர் இடது பக்கம் இருக்கட்டும். கட்டத்துக்கு 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். படக்கதை பார்த்துப் பழகாதவர்கள் மேலிருந்து கீழே படித்துக் குழம்புவார்கள்.

வரையத் தெரியாது என்று சொல்லாதீர்கள். மார்கழியில் இருபத்தொரு புள்ளிக் கோலம் போடுகிற கைக்கு ஒரு முகம் வராதா? வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு. கோடு மேலே வளைந்தால் சிரிப்பு, கீழே வளைந்தால் துக்கம். புருவத்தை உள்பக்கமாகச் சரித்தால் கோபம். ஊரடங்கு சமயத்தில் ரேஷன் கடை வாசலில் 1,000 ரூபாய்க்கும் அரிசிக்கும் நிற்க வட்டம் போட்டார்களே, அதுவும் படம்தான். ஒரு எழுத்து கூட இல்லாமல் எல்லோருக்கும் புரிந்தது.

எழுத்தில்லாத படம் நம்ம வட்டாரத்துக்கு ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறோம். உங்களில் பலர் அறை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். குடியிருக்கும் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, நமக்கு இந்தியோ ஒடியாவோ தெரியாது. காய்ச்சல் வந்தால் எங்கே போவது, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், இதை எல்லாம் படமாகப் போட்டு ஒட்டினால் பாதிச் சண்டை குறையும். ஆர்.கே.லட்சுமண் வரைந்த 'சாமானியர்' என்கிற கட்டம் போட்ட கோட்டு மனிதர் பல பத்து வருஷம் வாயே திறக்கவில்லை. ஆனாலும் நாடே அவரைப் புரிந்துகொண்டது.

எச்சரிக்கையும் வேண்டும். 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17-ல் மாரடைப்பால் இறந்தார். உடனே கிளம்பிய புரளியில் ஊசி போட்டுக்கொள்ளப் பலர் தயங்கினார்கள். அப்போது இரண்டாவது அலை உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் இறப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு சொன்னது அந்த வருஷம் அக்டோபரில்தான். புரளிக்கு அஞ்சு நிமிஷம், உண்மைக்கு ஆறு மாதம். படமும் இப்படித்தான், தப்பான சேதியையும் வேகமாகக் கொண்டு போகும். அதனால் நர்ஸம்மாவிடமோ வங்கியிலோ கேட்டு உறுதி செய்யாத எதையும் வரைய வேண்டாம். ஒவ்வொரு படத்தின் அடியிலும் குழுவின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். தவணை தள்ளிவைப்புப் படத்தைத் தேதி இல்லாமல் 2021-ல் யாராவது பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்று. வீட்டில் அடி வாங்குகிற பெண் தன் கதையைக் கூட்டத்தில் சொல்ல மாட்டாள். படக்கதையில் வேறு பெயர், வேறு முகம் வைத்துச் சொல்லலாம். அப்படிப்பட்ட கதையில் கடைசிக் கட்டத்தில் 181 உதவி எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். ஆனால் ஊரில் இருக்கும் ஒருவரின் ஜாடையிலோ, பட்டப்பெயரிலோ, வீட்டு அடையாளத்திலோ வரையக் கூடாது. அந்தப் பெண்ணுக்குத்தான் அதனால் இரட்டை அடி விழும்.

வரைந்து முடித்ததும் உடனே ஜெராக்ஸுக்கு ஓடாதீர்கள். குழுவில் இல்லாத நாலு பேரிடம் காட்டி "இதுல என்ன தெரியுது?" என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். சுகாதாரப் பயிற்சிகளில் ஒரு கதை சொல்வார்கள்: கொசுவைச் சுவர் அளவு பெரிதாக வரைந்து காட்டியபோது, "இவ்வளவு பெரிய கொசு எங்க ஊர்ல இல்லீங்க, எங்களுக்கு அந்தக் காய்ச்சல் வராது" என்றார்களாம். கொரோனா உருண்டையைப் பார்த்து ஊமத்தங்காய் என்று சொன்னாலும் தப்பில்லை. அப்படிச் சொல்வார்கள் என்பது நமக்கு முன்னாலேயே தெரிய வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசவும்: ஊரடங்கு மாதங்களில் நீங்கள் நம்பின தப்பான சேதி எது? அது யார் மூலமாக வந்தது? இன்றைக்கு உங்கள் தெருவில் எல்லோரும் குழம்பிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் எது? அந்த ஒன்றை மட்டும் எடுத்து நாலு கட்டமாகப் பிரித்து, பென்சிலில் போடுங்கள். ஒட்டுவதற்கு ரேஷன் கடை, அங்கன்வாடி, தண்ணீர்த் தொட்டி, பஸ் நிறுத்தம் நல்ல இடங்கள். ஊராட்சித் தலைவரிடமும் சுவர்க்காரரிடமும் முதலில் கேட்டுக்கொள்ளவும். மைதாப் பசை போதும். நின்று பார்க்கிறவர் கண் உயரத்துக்கு ஒட்டவும், மழைச்சாரல் படாத பக்கமாக.