ஒரு கட்டமா, இரண்டு கட்டமா? ஜப்பானிய, சீனக் கோப்புகளோடு மல்லாடுபவர்களுக்குச் சில குறிப்புகள்

1. டெர்மினலில் ஜப்பானியக் கோப்பைத் திறந்தால் கர்சர் ஓரிடத்திலும் தட்டிய எழுத்து இன்னோரிடத்திலும் நிற்கிறதா? அட்டவணைக் கோடுகள் வரிக்கு வரி விலகுகின்றனவா? கோப்பு கெட்டுவிட்டது என்று மறுபடி இறக்க வேண்டாம். கோணிய வரியில் ○, ★, ①, ※, → மாதிரி ஏதாவது குறி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஆள் அதுதான்.

2. டெர்மினல் திரை சம அகலக் கட்டங்களால் ஆனது. காஞ்சி எழுத்துக்கு (ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்து) இரண்டு கட்டம், ஆங்கில எழுத்துக்கு ஒன்று. இதில் தகராறு இல்லை. 1978இல் வந்து, பின்னாளில் ஜிஸ் எக்ஸ் 0208 என்று பெயர் பெற்ற ஜப்பானியத் தரநிலை கிரேக்க, ரஷ்ய எழுத்துகளையும் ○, ★ போன்ற குறிகளையும் காஞ்சியோடு சேர்த்துக்கொண்டது. அதனால் அங்கே அவையும் இரண்டு கட்டத்தில் உட்கார்ந்தன. ஐரோப்பியக் கணினிகளில் அவற்றுக்கு ஒரே கட்டம். யூனிகோடு இரண்டு வழக்கத்தையும் ஒரே குறியெண்ணில் அடைத்து, இவற்றை ‘ஆம்பிகுவஸ்’ என்று தனி வகையாக்கியது. சூழல் தெரியாவிட்டால் ஒரு கட்டமாகவே கொள்ளுங்கள் என்பது அதன் அறிவுரை.

3. இந்த வகை எழுத்துகளை இரண்டு கட்டமாக எண்ணச் சொல்லப் பல டெர்மினல்களில் ஒரு செட்டிங் உண்டு. க்னோம் டெர்மினலில் ப்ரொஃபைலின் ‘கம்பாட்டிபிலிட்டி’ பகுதியில் பாருங்கள். மேக் டெர்மினலில் ‘அட்வான்ஸ்டு’, ஐடெர்ம்2-இல் ‘டெக்ஸ்ட்’, புட்டியில் ‘டிரான்ஸ்லேஷன்’.

4. டெர்மினலை மட்டும் மாற்றிவிட்டு எழுந்துவிடாதீர்கள். உள்ளே ஓடும் எடிட்டரும் அதே கணக்கைப் போட வேண்டும். ஒன்று ‘இரண்டு’ என்றும் மற்றது ‘ஒன்று’ என்றும் எண்ணினால் கோணல்தான் மிஞ்சும். விம் எடிட்டரில் ‘ஆம்பிவிட்த்’ என்பதை ‘டபுள்’ ஆக்குங்கள். ‘லிஸ்ட்கேர்ஸ்’ அல்லது ‘ஃபில்கேர்ஸ்’ உடன் மோதுகிறது என்று பிழை வந்தால், அங்கே அழகுக்கு வைத்திருக்கும் குறிகளை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்எச் வழியாக வேறு சர்வரில் வேலை செய்தால், அங்குள்ள எடிட்டரிலும் இதையே செய்ய வேண்டும். உங்கள் டெர்மினலின் செட்டிங் தானாக அங்கே போய்ச் சேராது.

5. ‘டபுள்’ வைத்த பிறகு மெனுப் பெட்டிகளும் டிமக்ஸ் பிரிப்புக் கோடுகளும் உடைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பெட்டிக் கோடுகளும் இதே வகையைச் சேர்ந்தவை. அவற்றை வரையும் நிரல்களோ ஒரு கட்டம் என்றே நம்புகின்றன. ஜப்பானிய வேலைக்கு என்று தனி ப்ரொஃபைல் வைத்துக்கொள்வது நிம்மதி. புதிய விம் பதிப்புகளில் ‘செட்செல்விட்த்ஸ்’ மூலம் வேண்டிய குறிகளுக்கு மட்டும் அகலம் சொல்லலாம். என்னைக் கேட்டால் இதுதான் உருப்படியான வழி.

6. அகலமெல்லாம் சரி, ஆனால் குறி பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது என்றால் ஃபான்ட்டைக் கவனியுங்கள். எம்எஸ் காதிக் போன்ற பழைய ஜப்பானிய ஃபான்ட்டுகள் கிரேக்க எழுத்தையும் காஞ்சி அகலத்துக்கே வரைகின்றன.

7. சீன மொழி வேர்டு கோப்பில் ஆங்கில வார்த்தைக்கு நடுவே வரும் ’ குறி மட்டும் பெரிய இடைவெளியோடு விழுந்தால், அந்த ஒரு குறியைத் தேர்ந்தெடுத்து ஆங்கில ஃபான்ட்டுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். வளைந்த மேற்கோள் குறிகளுக்கு இரு மொழிக்கும் ஒரே குறியெண்தான்.

8. நிரல் எழுதுபவர்கள் எழுத்துகளை எண்ணி இடைவெளி நிரப்ப வேண்டாம். பைத்தானின் ‘யூனிகோடுடேட்டா’வில் ஒவ்வொரு எழுத்தின் அகல வகையையும் கேட்கலாம். ‘ஏ’ என்று பதில் வந்தால் சிக்கல் ஆசாமி. அது ஒன்றா இரண்டா என்பதைப் பயனர் தீர்மானிக்க ஒரு வசதி வையுங்கள்.

9. டெர்மினலில் தமிழ் கோணலாகத் தெரிந்தால் இந்த செட்டிங்கைத் திருகிப் பயனில்லை. தமிழ் எழுத்துகள் இந்த வகையிலேயே இல்லை. அங்கே கோளாறு கொம்பும் காலும் சேரும் விதத்தில்.

10. பலருக்குப் போகும் கோப்பில் அட்டவணை போட வேண்டுமானால் சாதாரண விசைப்பலகையில் உள்ள +, -, | போதும். எந்த ஊர்க் கணினியிலும் அவற்றுக்கு ஒரே கட்டம்.