போத்தலுக்குள் வளர்ந்த வாழைக்குட்டி

கேள்வி: நீர்வேலியில் எங்கள் காணியில் தம்பி இருநூறு கதலி வைக்கப்போகிறான். தோட்டத்துக் குட்டி வேண்டாமாம், இழைய வளர்ப்புக் கன்றுதான் நல்லதாம். ஆய்வுகூடத்தில் மருந்து போட்டு வளர்த்த வாழையின் பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? நினைக்கவே பயமாக இருக்கிறது.
— த. ச., வெள்ளவத்தை

பதில்: பயப்படாதீர்கள், அம்மா. பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அதுவும் உங்கள் கதலிதான். மரபணு மாற்றிய பயிர் வேறு, இது வேறு.

நாங்கள் உண்ணும் வாழையை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. பாட்டன் காலம் முதல் தாய்க்கிழங்கிலிருந்து குட்டி பிரித்துத்தான் நடுகிறோம். இழைய வளர்ப்பும் அதே பிரிப்புத்தான், கத்தி மட்டும் சிறியது. குட்டியின் மடல்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு போனால் நடுவில் வெள்ளையாக ஒரு முனை மிஞ்சும். அந்த வளர்முனையைக் கிருமி நீக்கி, சீனியும் உப்புகளும் கலந்த கூழில் வைப்பார்கள். 1962இல் முராஷிகியும் ஸ்கூக்கும் வகுத்த கலவைதான் இன்றும் பல ஆய்வுகூடங்களில் புழங்குகிறது. கூழை உறைய வைப்பது, நோன்புக் காலத்தில் அயல்வீட்டிலிருந்து உங்களுக்குத் தட்டில் வருமே, அதே கடற்பாசி. நீங்கள் ‘மருந்து’ என்று எழுதியது சைற்றோகைனின் (கலங்களைப் பிரியத் தூண்டும் வளர்ச்சிப் பொருள்). அந்த வகைப் பொருள் இளநீரிலேயே உண்டு. 1941இல் அமெரிக்காவில் ஊமத்தையின் இளங்கருவை வளர்த்தவர்கள் தேங்காய்த் தண்ணீரைத்தான் கலந்தார்கள்.

என் கவலை தாய்வாழையைப் பற்றியது. முடிக்கொத்து நோய் (இலைகள் சிறுத்து உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும் வைரசு நோய்) இலங்கையில் 1913இலேயே காணப்பட்டது. பார்வைக்குச் செழிப்பாக நிற்கும் வாழைக்குள்ளும் அந்த வைரசு ஒளிந்திருக்கலாம். அதில் முனை எடுத்தால் நோயையும் சேர்த்தே ஆயிரமாகப் பெருக்குவோம். தாய்வாழைக்கு வைரசுச் சோதனை செய்தார்களா என்று தம்பி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கட்டும். இந்தியாவில் இதற்கென்றே 2006 முதல் சான்றளிப்பு முறை இருக்கிறது. அளவு மீறித் திரும்பத் திரும்பப் பிரித்தாலும் குட்டையும் வெளிறிய கோடுமாகச் சில கன்றுகள் உருமாறி வரும். எட்டுத் தடவைக்கு மேல் பிரிக்காமல் இருப்பது நல்லது.

இன்னொன்று. நோயில்லாத கன்றுக்கு இனி நோயே வராது என்று எண்ண வேண்டாம். காணியில் முன்பு பனாமா வாடல் (மண்ணில் பல்லாண்டு உறங்கும் பங்கசு நோய்) வந்திருந்தால், பட்டுப்போன இனத்தையே திரும்ப அங்கே வைக்கக் கூடாது. ஐயமிருந்தால் விவசாயப் போதனாசிரியரைக் கூட்டி வந்து காட்டலாம்.

வாங்கும்போது, நிழல்வலைக்குள் ஆறேழு கிழமை பழக்கிய, ஓரடி உயரமும் ஐந்தாறு இலையும் உள்ள கன்றாகப் பார்த்து வாங்கட்டும். போத்தலின் ஈரத்தில் வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சுப் போதாது. இளவயதில் நானே அவசரப்பட்டு, போத்தலிலிருந்து எடுத்த கன்றுகளை ஒரு மாலை நேரே பாத்தியில் நட்டேன். மறுநாள் மதியம் எல்லாம் அவித்த கீரைபோல் கிடந்தன.

இருநூறையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இந்தக் கன்றுகள் ஏறத்தாழ ஒன்றாகவே குலை தள்ளும். ஐம்பது ஐம்பதாக, இடையில் இரண்டொரு மாதம் விட்டு நட்டால், எல்லாக் குலையையும் ஒரே கிழமையில் சந்தைக்குக் கொண்டுபோய்க் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியிராது.