வீட்டிற்குள் ஓடும் இரண்டு நீர்

ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வகை நீர் ஓடுகிறது. குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் உள்ளே வருவது நன்னீர். பயன்பட்டபின் வெளியே செல்வது கழிவுநீர். இரண்டும் குழாய்களுக்குள் மறைந்து செல்வதால், அவை கலவாமல் இருக்கும்வரை குழாய்களை எவரும் நினைப்பதில்லை.

கலந்தால் என்ன நேரும் என்பதைத் தில்லி நகரம் ஒருமுறை கண்டது. 1955ஆம் ஆண்டின் இறுதியில் நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர், யமுனையில் வஜீராபாத்தை ஒட்டிக் குடிநீர் எடுக்கும் இடத்தை அடைந்தது. அதன்பின் சில வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது.

அக்கலப்பு ஆற்றில் நேர்ந்தது. சிறிய அளவில் அது தெருவிலும் நேரக்கூடும். தில்லியின் பல குடியிருப்புகளில் குறித்த நேரத்தில் மட்டுமே குடிநீர் வருகிறது. நீர் நின்றபின் மண்ணுக்கடியில் உள்ள குழாயில் அழுத்தம் குறையும். குழாயில் விரிசல் இருந்தால் சுற்றியுள்ள அழுக்கு நீர் உள்ளே புகும். தெருக்குழாயில் நேராக மோட்டாரைப் பொருத்தி நீரை உறிஞ்சுவோர் இத்தீங்கைப் பெருக்குகின்றனர். தம் தொட்டி விரைவில் நிறையவேண்டும் என்பதற்காக அண்டை வீட்டாரின் குடிநீரையும் சேர்த்துக் கெடுப்பது முறையன்று. நீர் வரத் தொடங்கியதும் முதலில் வரும் கலங்கலைத் தரை கழுவப் பிடித்து வைத்துவிட்டு, தெளிந்த நீரையே குடிப்பதற்குப் பிடித்துக் காய்ச்சுவது நல்ல வழக்கம்.

சொட்டும் குழாயைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஏறத்தாழ 20 துளிகள் சேர்ந்தால் 1 மில்லிலிட்டர் ஆகும். நொடிக்கு ஒரு துளி விழுந்தால் ஒரு நாளில் 86,400 துளிகள் விழும். அது 4 லிட்டருக்கும் மேல். ஒரு மாதத்தில் ஏறத்தாழ 130 லிட்டர் வீணாகும். நகரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வேண்டும் என்பது இந்திய அரசு வகுத்த அளவு. எனவே, ஏறக்குறைய ஒருவரின் ஒருநாள் நீர் சொட்டியே தீர்ந்துவிடுகிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் குழாயினுள் தேய்ந்துபோன ரப்பர் வாஷரே. அது சில ரூபாய்க்குக் கிடைக்கும். சொட்டுவதை நிறுத்தக் குழாயை மேலும் மேலும் இறுக்கித் திருகினால் வாஷர் இன்னும் நசுங்கும், சொட்டுதல் நிற்காது.

உள்ளே வரும் நீரைவிட வெளியேறும் நீருக்கே கவனம் மிகுதியாக வேண்டும். தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் எண்ணெய், நெய், இட்லி மாவு, சோற்றுக் கஞ்சி, காப்பிச் சக்கை ஆகியவை நாள்தோறும் மிஞ்சும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசில் உறையும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அது உருகியே இருக்கும். தில்லியின் தை மாதக் குளிரிலோ புட்டிக்குள் கல்லாகிவிடுகிறது. புட்டியில் நிகழ்வதே கழிவுக் குழாயிலும் நிகழ்கிறது. உறைந்த எண்ணெயில் மாவும் சக்கையும் ஒட்டிக்கொள்ள, குழாயின் வாய் நாளுக்கு நாள் குறுகுகிறது. எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுமுன் பழைய செய்தித்தாளால் துடைத்து, அத்தாளைக் குப்பையில் இடுவதே இதற்கு எளிய வழி. அடைப்பு நேர்ந்தபின் அமிலத்தை ஊற்றுவோர் உண்டு. குளியலறை கழுவும் அமிலமும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். சிறுவர் இவற்றைத் தொடுதல் கூடாது.

கைகழுவும் தொட்டியின் அடியில் குழாய் ஏன் வளைந்திருக்கிறது? அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கும். அந்நீரே சாக்கடையின் நாற்றமும் பூச்சிகளும் வீட்டிற்குள் ஏறாமல் தடுக்கும் கதவு. 1775ஆம் ஆண்டில் இலண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர், கழிப்பறைக்கு இத்தகைய வளைகுழாயை அமைத்துக் காப்புரிமை பெற்றார். குளியலறைத் தரையில் உள்ள சல்லடைக்குக் கீழும் இத்தகைய நீர் நிற்கிறது.

கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். வீடு ஒரு மாதத்திற்கு மேல் பூட்டிக் கிடந்தால், வெப்பக் காற்றில் அந்நீர் வற்றிவிடும். மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ திரும்பி வந்து கதவைத் திறந்தவுடன் நாற்றமும் கரப்பான் பூச்சியும் வரவேற்பதற்குக் காரணம் இதுவே. புறப்படும் நாளில் ஒவ்வொரு சல்லடையிலும் ஒரு குவளை நீர் ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் நீர் எளிதில் வற்றாது. கழிவுக் குழாயில் எண்ணெய் ஊற்றலாகாது என்னும் விதிக்கு இது ஒன்றே விலக்கு.

அந்நாளில் செய்யவேண்டியது இன்னொன்றும் உண்டு. நீர் வராத வேளையில் ஒருவர் குழாயைத் திறந்து பார்த்து, மூட மறந்துவிடுவார். வீட்டார் இரயிலில் செல்லும்போது நீர் வந்து, அறைகளை நிறைத்து, கீழ்வீட்டுக் கூரையிலும் கசியும். ஆகவே எல்லாக் குழாய்களையும் கையால் தொட்டுப் பார்த்தபின் முதன்மை வால்வையும் மூடவேண்டும். அவ்வால்வு எங்குள்ளது என்பதை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும், சிறுவர் உட்பட, அறிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் திருப்பாத வால்வு இறுகிவிடும். மாதம் ஒருமுறை மூடித் திறந்தால் வேண்டிய வேளையில் கைக்கு இசையும்.

சொல்லும் பொருளும்
கலங்கல் – தெளிவற்ற நீர்
சக்கை – சாறு நீங்கியபின் எஞ்சுவது
அங்கணம் – கழிவுநீர் செல்லும் இடம்; திருக்குறளில் வரும் பழஞ்சொல்

பயிற்சி
1. தேங்காய் எண்ணெய் சென்னையைவிடத் தில்லியில் குழாயை எளிதில் அடைப்பது ஏன்?
2. வளைகுழாயில் தங்கும் நீரைக் ‘கதவு’ என்று பாடம் குறிப்பிடுவது ஏன்?
3. வீட்டில் சொட்டும் குழாயின் கீழ் ஒரு மணி நேரம் குவளையை வைத்து, சேர்ந்த நீரை அளந்து, ஒரு மாதத்தில் வீணாகும் அளவைக் கணக்கிடுக.
4. வீட்டின் முதன்மை வால்வு உள்ள இடத்தைப் பெற்றோரிடம் கேட்டறிந்து, வீட்டின் குழாய்ப் பாதையைப் படமாக வரைந்து, பகுதிகளைத் தமிழில் பெயரிடுக.