ஏழடி தூரத்துக்கு எத்தனை இன்ச் டிவி?

கேள்வி: தோட்டத்து வீட்டை விட்டு, சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். ஹாலின் அகலம் பத்தடிதான். சாமி மேடையும் அங்கேயே இருக்கிறது. பழைய 32 இன்ச் டிவியில் செய்தியின் கீழே ஓடும் எழுத்து தெரியவில்லை என்கிறார் மாமியார். தீபாவளிக்குள் 65 இன்ச் வேண்டும் என்று பையன்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். 43 போதும் என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் மாமியார் சொல்வதைக் கேளுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலைக்கும் போன பிறகு டிவிக்குத் துணையாக இருப்பவர் அவர்தானே! அவருடைய கண்ணுக்கும் திரைக்கும் நடுவே எத்தனை அடி என்பதுதான் இதில் முதல் கணக்கு.

பத்தடி ஹாலில் சோபாவும் டிவி மேசையும் மூன்றடியை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது ஏழடி. மாமியாரை வழக்கமான இடத்தில் உட்காரவைத்து ஒருமுறை அளந்து பாருங்கள்.

கடையில் சொல்லும் இன்ச், திரையின் மூலைக்கு மூலை அளவு. அதை 1.6 ஆல் பெருக்கினால் அன்றாடம் பார்ப்பதற்கு வசதியான தூரம் கிடைக்கும். 1.2 ஆல் பெருக்கினால் சினிமா தியேட்டர் போன்ற நெருக்கம். இந்தக் கணக்கில் 43 இன்ச்சுக்கு ஏறக்குறைய 4¼ முதல் 5¾ அடி வரை, 55க்கு 5½ முதல் 7¼ அடி வரை, 65க்கு 6½ முதல் 8¾ அடி வரை. உங்கள் ஏழடி, 55க்குச் சரியாகப் பொருந்துகிறது. 65 இன்ச் அந்த எல்லையின் விளிம்பில்தான் நிற்கிறது. பையன்கள் பாய் விரித்து முன்னால் உட்கார்ந்துவிட்டால் அதுவும் போய்விடும்.

படத்தின் தெளிவையும் பாருங்கள். டிவி2, ஆஸ்ட்ரோ அலைவரிசைகளில் வருவது பெரும்பாலும் எச்டி படம்தான். 1080 வரி கொண்ட படத்தில் புள்ளிகள் கண்ணில் படாமலிருக்க, 55 இன்ச்சுக்கு ஏழடியும் 65க்கு எட்டரை அடியும் வேண்டும். 4கே டிவி வாங்கினாலும், வரும் படம் எச்டியாக இருந்தால் உங்கள் ஹாலில் 65 சற்று மங்கலாகத்தான் தெரியும்.

43 வாங்கினால் எழுத்து இப்போது இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். 55 வாங்கினால் 1.7 மடங்கு பெரிதாகும். வயதான கண்ணுக்கு இது பெரிய உதவி. அதற்கும் மேல் எழுத்து தெரியவில்லை என்றால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்புரையாக இருந்தால் எந்த டிவியாலும் தீர்க்க முடியாது.

இடத்தையும் பார்க்க வேண்டும். 55 இன்ச் திரை ஏறக்குறைய 122 சென்டிமீட்டர் அகலமும் 69 உயரமும் இருக்கும். பல டிவிகளுக்குக் கால்கள் இரண்டு ஓரங்களிலும் இருப்பதால், நாலடி மேசை போதுமா என்று கடையிலேயே அளந்துவிடுங்கள். பழைய நாளிதழ்களை ஒட்டி அதே அளவில் சுவரில் மாட்டி, இரண்டு நாள் எல்லாரும் உட்கார்ந்து பாருங்கள். ஈப்போ கடைகளின் பெரிய கூடத்தில் எந்த டிவியும் சிறிதாகவே தெரியும். அங்கே பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சாமி மேடைக்கு மேலேயோ ஒட்டியோ டிவி வேண்டாம். விளக்கின் சூடும் எண்ணெய்ப் புகையும் அதற்கு ஆகாது. திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு, அதாவது தரையிலிருந்து மூன்றரை அடிக்கு வரட்டும். உயரத்தில் மாட்டினால் மாமியாருக்குக் கழுத்து வலிக்கும். வாசல் வெளிச்சம் நேராகத் திரையில் விழாத சுவராகத் தேர்ந்தெடுங்கள்.

வாங்கும்போது இன்னும் சில விஷயங்கள். 2019 அக்டோபரோடு மலேசியா முழுவதும் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. ஆஸ்ட்ரோ இல்லாமல் டிவி2 பார்ப்பதானால், டிஜிட்டல் ஒளிபரப்பைப் பெறும் டிவிபி-டி2 வசதி உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தனி டிகோடர் வேண்டாம், ஏரியல் போதும். மின்சிக்கன நட்சத்திர முத்திரையையும் பாருங்கள். 65 இன்ச் திரையின் பரப்பு 55ஐவிட நாற்பது சதவீதம் அதிகம், அதே ரகத்தில் மின்சாரமும் கூடுதலாகத்தான் செலவாகும். பேராக்கில் பிற்பகல் இடிமழை சாதாரணம். மழை இருட்டும்போதே பிளக்கையும் ஏரியல் ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

ஆகவே, அளந்ததில் ஏழடி வந்தால் 55 வாங்குங்கள். ஆறடிக்கும் குறைந்தால் வீட்டுக்காரர் சொல்லும் 43 சரி. 65க்கும் 55க்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளலாம். பையன்களுக்குப் படம் பார்க்கும் குறை தீரும், செய்தி வாசிப்பதும் மாமியார் காதில் தெளிவாக விழும்.